இரண்டாவது தகைவிலான்

ஓவியன் தன் முதல் படங்களை எரித்துவிடலாம்.
குயவன் மிதித்து மறுபடி மண்ணாக்கலாம்.
என் முதல் பறவை
போர்த்தாலெஸ் மீன்துறையில்
காலை ஐந்து மணிக்கே
செதில் உரிக்க வந்துவிடுகிறது.

வலது இறக்கை நீளம்.
இடது, முறிந்த குடைக்கம்பி.
வாலில் மை பரவி
மழையில் நனைந்த ரசீது போலிருக்கும்.
உபால்தோவின் இடது முன்கையில்
பதினோரு வருடமாய்ப் பறக்கப் பார்க்கிறது.

அப்போது எனக்குப் பத்தொன்பது.
கறிக்கடைப் பன்றித்தோலில் இரண்டு மாதம்,
ஆரஞ்சுப் பழத்தில் ஒரு மாதம்,
என் தொடையிலேயே ஒரு நட்சத்திரம்,
ஐந்து முனை என்று தொடங்கி ஆறில் முடிந்தது.
இவ்வளவுதான் படிப்பு.
முதல் கூலி இரண்டு கிலோ மெர்லூசா மீன்.
அம்மா பொரித்தாள்.
எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

ஆரஞ்சு மூச்சு விடாது.
உபால்தோ விட்டான்.
ஒவ்வொரு மூச்சுக்கும் கோடு
அலையேறி இறங்கியது.
துடைத்துக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தான்.
"கோழியா?" என்றான்.

நாற்பத்துச் சொச்சம் குன்றுகள் வால்பராய்சோவில்;
எல்லாப் படிக்கட்டும் கடலுக்குத்தான் இறங்கும்.
மீன்துறை கண்ணில் படாமல்
நான் சுற்றுவழி நடந்த தூரத்துக்கு
சான்டியாகோ போய்த் திரும்பியிருக்கலாம்.

மிரேயாவின் சலூனில் பின்னறை.
முன்னால் டிரையர் ஓடினால்
பின்னால் என் விளக்கு மங்கும்.
சுகாதாரத்துறை ஆள் சுவரை விரலால் சுரண்டினார்,
கழுவினால் உரியாத சுவர் வேண்டுமாம்.
இரண்டு மாத வாடகை
ஒரு பெயிண்ட் வாளியில் போயிற்று.
ஊசி, கையுறை, மஞ்சள் கழிவுப்பெட்டி,
மஞ்சள் காமாலைத் தடுப்பூசிச் சீட்டு.
காதலி பெயர் எழுத வந்த பையனை
"ஆறு மாதம் கழித்து வா" என்று அனுப்பும் தைரியம்
நான்காம் வருடம் வந்தது.
கடன் தீர்ந்ததும் அதே வருடம்.

பிறகு பாரோன் குன்றில் தனிக்கடை.
ஓய்வுபெற்ற ரயில்காரர் ஒருவர்
நெஞ்சுத் தழும்பைக் காட்டி
"ரயில் வேண்டாம், தண்டவாளம் போதும்" என்றார்.
குறுக்குக்கட்டைகளை மட்டும் போட்டுக் கொடுத்தேன்;
மருத்துவர் வெட்டிய கோடு என்னுடையதைவிட நேர்.
மூன்று மாதம் காத்திருந்து வருகிறார்கள் இப்போது.
என் கழுத்து வலப்பக்கம் திரும்பாது.
கட்டைவிரல் இரவில்
யாருடையதோ போலக் கிடக்கும்.

போன செவ்வாய் கதவைத் திறந்தால்
மீன்வாசம் முதலில் வந்தது.
கறுப்பாய்க் குத்திய மை
பெயருக்கேற்பப் பச்சையாகி,
கை பருக்கப் பருக்க
பறவையும் சதை போட்டிருந்தது.

அவன் வாய் திறக்குமுன் நான் திறந்தேன்:
மேலே ஒரு டாலியாப் பூ, இல்லை ஒரு கப்பல்,
சுவடே தெரியாது, பணமும் வேண்டாம்.
குழந்தையைப் பிடுங்க வந்தவளிடமிருந்து போல
கையை விலக்கிக்கொண்டான்.
"வலது கையிலும் ஒன்று.
இதே மாதிரி."
"இதே மாதிரியா?"
"அச்சு அசல்.
துறையில் எனக்கு உபால்தோ என்றா பேர்?
கோழி.
கடைப்பலகையிலும் கோழிதான்.
ஒரு மகன் பிறந்திருக்கிறான், ஜோடி சேர்க்கணும்."

ஏழு தாள் வரைந்து கிழித்தேன்.
எல்லாவற்றிலும் தகைவிலான் அழகாய்ப் பறந்தது.
கோணலாய் வரைய
கை மறந்துவிட்டிருந்தது.
அவன் பொறுமையாய் நகத்தில் செதில் சுரண்டினான்.

எட்டாவது தாளை எடுக்கவில்லை.
ஊசியைத் தோலில் வைத்தேன்.
இரண்டு மூச்சுக்கு நடுவே கோடு இழுப்பதுதான்
பதினோரு வருடம் நான் கற்றது.
அந்த இடைவெளிக்குக் காத்திராமல்
அவன் மூச்சு போன வழிக்குக்
கோட்டை விட்டேன்.

கண்ணாடி முன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தான்.
"பரவாயில்லை" என்றான்,
"பழையது கொஞ்சம் கூடுதல் அழகு."

மேசையில் ஈரப்பொட்டலம்.
நிறுத்துப் பார்த்தேன்.
இரண்டு கிலோவுக்கு மேலேயே இருந்தது.